பதினொரு வெறுங்கட்டில்கள்

கொடிகாமத்துக்குத் தெற்கே, தென்னங்காணிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உதயகலா ரீச்சர் கணிதம் படிப்பித்தார். கரப்பந்தாட்டத்துக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டதற்கு ஒரே காரணம், அந்தப் பொறுப்பைப் பகிர்ந்த கூட்டத்தன்று அவர் லீவில் நின்றதுதான். ஆனால் ஏழு வருசத்தில் பொறுப்பு ஆசையாக மாறிவிட்டது. பின்னேரங்களில் பிள்ளைகளோடு நின்று தொண்டை கட்டும் வரை கத்துவார். மறுநாள் அதே தொண்டையால் முக்கோணங்களைப் பற்றிச் சொல்லுவார்.

போன வருசம் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். கைதடியில் ரயர் வெடித்தது. காலை ஆறரைக்குப் பதிவு. இவர்கள் மைதானத்துக்குள் கால் வைத்தது எட்டேகாலுக்கு. வராத அணி என்று எழுதி, வந்து நின்றவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். திரும்பி வரும்போது பத்துப் பிள்ளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அணித் தலைவி ஜெயனி மட்டும் சந்தியில் இறங்கும்போது, "வாற வருசம் எனக்குக் கடைசி வருசம் ரீச்சர்" என்றாள்.

இந்த வருசம் போட்டி யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் என்று கடிதம் வந்தது. எப்படியும் முதல்நாளே போய்த் தங்குவது என்று ரீச்சர் முடிவெடுத்தார். விடியப்புறம் ஓடுவதென்றால் வான்காரர் இரண்டு மடங்கு கேட்டார். பதினொரு பேரைப் படுக்கவைக்க இடமுள்ள சொந்தக்காரர் எவரும் யாழ்ப்பாணத்தில் இல்லை. இருந்தவர்கள் கனடாவில் இருந்தார்கள். அப்போதுதான் அதிபர், "கடலேரிப் பக்கம் ஒரு இளைஞர் விடுதி திறந்திருக்கினம். கட்டிலுக்கு ஆயிரம் ரூபாதானாம்" என்றார்.

விடுதி வடிவான கட்டடம். வெள்ளைச் சுவர், இரண்டு மாடி, கடற்காற்று. வாசலில் 'இளைஞரே வருக' என்று பெரிய பலகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை'. படலையடியில் காவலாளி கனிசியஸ் கதிரை போட்டு இருந்தார். குருநகர் ஆள். முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போவதை விட்டபின் இந்த வேலைக்கு வந்தவர்.

"தங்கவோ?" என்று அவர் கேட்ட விதத்தில் ஆச்சரியம் இருந்தது. "தங்க எண்டு வந்தவை கனபேர் ரீச்சர்."

"தங்கினவை?"

"உள்ளுக்கை முகாமையாளர் இருக்கிறார். அவரைக் கேளுங்கோ."

முகாமையாளர் பொன்னம்பலம் மடிப்புக் கலையாத சேட்டும் பொக்கற்றில் மூன்று பேனையுமாக இருந்தார். குரலை உயர்த்தாத மனிதர். எழுந்து நின்று வரவேற்று, கதிரை காட்டி, போட்டி எப்போது என்று விசாரித்தார்.

"இன்னும் நாப்பது நாள் இருக்கு" என்றார் ரீச்சர்.

"அப்ப வேளைக்கு வந்திட்டியள். முப்பது நாளுக்கு முதல் வாற விண்ணப்பத்தை நாங்கள் எடுக்கிறேல்லை. இருபத்தொரு நாளுக்குப் பிந்தி வாறதையும் எடுக்கிறேல்லை. ஆகையாலை இப்ப நான் உங்களைக் காணேல்லை. குறை நினையாதேங்கோ."

"இணையத்திலை செய்யலாம் எண்டு போட்டிருக்கே சேர்?"

"செய்யலாம். அதுதான் நவீன முறை. கடவுச்சொல்லை மட்டும் நேரிலை வந்து எடுக்கவேணும். ஆனால் நேரிலை வந்தவை இணையத்திலை செய்யேலாது. அவை நேரிலை வந்தவை எல்லோ."

தன்னைக் காணாத அந்த மனிதருக்கு நன்றி சொல்லிவிட்டு ரீச்சர் பஸ் ஏறினார்.

போட்டிக்கு இருபத்தெட்டு நாள் இருக்கும்போது அரைநாள் லீவு போட்டுத் திரும்பவும் போனார். கையில் முற்பணம் ஆறாயிரத்து அறுநூறு ரூபா இருந்தது. மொத்தக் கட்டணத்தில் அறுபது வீதம். பத்துத் தாய்மார் கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காயும் தேங்காயும் விற்றுச் சேர்த்துத் தந்த காசு.

"காசை நான் கையாலை தொடமாட்டன்" என்றார் பொன்னம்பலம். "வங்கியிலை கட்டவேணும். சிட்டையிலை விண்ணப்ப இலக்கம் எழுதவேணும். முற்பணம் கட்டினவைக்குத்தான் விண்ணப்ப இலக்கம் குடுக்கிறது."

கணித ரீச்சர் அதை மனதுக்குள் ஒருதரம் எழுதிப் பார்த்தார். "அப்ப இது ஒருநாளும் தொடங்காதே சேர்."

பொன்னம்பலத்துக்கு முகம் மலர்ந்தது. இப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் அவர் காத்திருந்தார் போலும். "அதுக்குத்தானே தற்காலிக இலக்கம் வைச்சிருக்கிறம்" என்று லாச்சியைத் திறந்தார். "தற்காலிக இலக்கத்துக்கு ஒரு படிவம் இருக்கு. கொழும்பிலை இருக்கிற எங்கடை சபைக்கு நான்தான் எழுதி எடுப்பிச்சனான்."

படிவத்தை நிரப்பும்போது பிள்ளைகள் ஒவ்வொருவரும் இளைஞர்தான் என்று கிராம அலுவலர் கடிதம் தரவேண்டும் என்று தெரியவந்தது. பிறப்புச் சான்றிதழ் போதாதா என்று ரீச்சர் கேட்டார். அது பிறந்ததற்குத்தான் சான்று என்றார் பொன்னம்பலம். பிறகு, "உங்கடை வயது?" என்றார்.

"முப்பத்தாறு."

பேனை நின்றுவிட்டது. "இது இளைஞர் விடுதி ரீச்சர்."

"பிள்ளையளை நான் தனிய விடேலாது."

"விடேலாதுதான். பெரியாக்கள் இல்லாமல் பாடசாலைப் பிள்ளையள் தங்கேலாது எண்டு ஆறாம் விதி சொல்லுது. இருபத்தொன்பது வயதுக்கு மேற்பட்டவை தங்கேலாது எண்டு ஏழாம் விதி சொல்லுது. ரெண்டையும் சமாதானப்படுத்தத்தான் எட்டாம் விதி."

எட்டாம் விதிப்படி ரீச்சர் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். அதைக் கொடிகாமத்தில் சமாதான நீதவானாக இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் மார்க்கண்டுவிடம் கொண்டுபோனார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டுதரம் வாசித்தார். 'மேற்படி இளைஞர்களின் இளமைக்கு நான் எவ்விதத்திலும் இடையூறு விளைவிக்க மாட்டேன்.'

"பிள்ளை, இதை மீறினால் என்ன தண்டனை?"

"அது எழுதேல்லை ஐயா."

"அப்ப துணிஞ்சு கையெழுத்தை வையும்" என்று முத்திரை குத்தினார்.

கடிதம், கடதாசி, வங்கிச் சிட்டை, அதன் மூன்று பிரதிகள் எல்லாம் சேர்ந்து, போட்டிக்கு இருபத்தொரு நாள் இருக்க, காலக்கெடுவின் கடைசி நாளன்று விண்ணப்பம் பூர்த்தியாயிற்று. அன்று பொன்னம்பலத்துக்கு நல்ல சந்தோசம். "வாங்கோ, கட்டிலுகளைக் காட்டுறன்" என்று மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

நீண்ட மண்டபத்தில் இருபத்திநாலு கட்டில்கள் வரிசையாக நின்றன. மெத்தைகளில் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. அதன்மேல் வெள்ளை விரிப்பு, ஸ்திரி போட்டது.

"கிழமைக்கு ஒருக்கா விரிப்பு மாத்துறம்" என்றார் பொன்னம்பலம். "தலையணையை மாதத்துக்கு ஒருக்கா வெய்யிலிலை போடுறம். ரெண்டு வருசத்திலை ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. மாகாணத்திலையே முறைப்பாடு வராத ஒரே விடுதி இதுதான். கொழும்பிலையிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது."

"எத்தினை பேர் இதுவரைக்கும் தங்கியிருக்கினம் சேர்?"

"அப்பிடிக் கேக்கக்கூடாது ரீச்சர். ஆக்களை எண்ணத் தொடங்கினால் தரம் போயிடும். ஒருக்கா ஒரு வெள்ளைக்காரப் பெடியன் சைக்கிளிலை வந்தவன். கொட்டுற மழை. தெப்பமா நனைஞ்சு போய் நிண்டவன். இருபத்தொரு நாள் கழிச்சு வாங்கோ எண்டு வடிவா விளங்கப்படுத்தினனான். ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கேல்லை. படிவத்தையும் வாங்கிக்கொண்டு மழைக்குள்ளையே போனவன். அவைக்கு ஒழுங்குமுறை எண்டால் விளங்கும்."

படலையடியில் கனிசியஸ் ரீச்சரைப் பார்த்து, "மேலை போய்க் கண்டியளோ?" என்றார். "ரெண்டு வருசமா இதைக் காவல் காக்கிறன். நான் இன்னும் மேலை ஏறேல்லை."

உறுதிப்படுத்தும் கடிதம் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். ரீச்சர் ஒவ்வொரு நாளும் தபாற்காரரைப் பார்த்து நின்றார். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பதினொரு கட்டில்களும் உறுதி. மிகுதிப் பணத்தைத் தங்கும் நாளுக்கு ஏழு நாட்களுக்கு முன்னர் கட்டத் தவறினால் பதிவு இரத்தாகும்.

ரீச்சர் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே ஓடினார். பொன்னம்பலம் அதை வாசித்து முடித்துத் துக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"பிந்திப் போச்சு ரீச்சர். மூண்டு நாளுக்கு முதலே நீங்கள் இரத்துச் செய்திட்டியள்."

"நான் செய்யேல்லை சேர். கடிதமே இண்டைக்குத்தான் வந்தது."

"கடிதம் பிந்தினது தபால் விசயம். காசு பிந்தினது உங்கடை விசயம். ரெண்டையும் நாங்கள் போட்டுக் குழப்புறேல்லை."

ரீச்சருக்குக் கண் கலங்கியது. ஜெயனி ஒரு மாதமாக விடிய எழும்பித் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து பயிற்சி எடுக்கிறாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப அந்த முற்பணத்தையாவது தாங்கோ. தாய்மாரின்ரை காசு" என்றார்.

"தாராளமாத் தரலாம். பதினேழாம் விதி." பொன்னம்பலம் விதிகள் அடங்கிய சுற்றுநிருபத்தை விரித்துப் பக்கத்தைத் தடவிவிட்டார். "இரத்துச் செய்தவை, அவைக்கு ஒதுக்கின கட்டிலை அண்டைக்கு வேறை ஆரும் பாவிக்கேல்லை எண்டதை நேரிலை நிண்டு உறுதிப்படுத்தவேணும். இல்லாட்டி நாளைக்கு ஆரும், பொன்னம்பலம் கட்டிலைக் களவாக் குடுத்துக் காசு பாத்தவன் எண்டு சொல்லிப்போடுவினம். விண்ணப்பத்திலை பேர் உள்ள எல்லாரும் அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு இஞ்சை வரவேணும். விண்ணப்பதாரி அடுத்தநாள் காலமை ஒன்பது மணி வரைக்கும் கட்டிலுக்கு முன்னாலை நிக்கவேணும். ஒன்பதுக்குக் கையெழுத்து. பிறகு காசு."

ரீச்சர் விசும்புவதை நிறுத்தினார். "மற்ற ஆக்கள்?"

"அவை நிக்கிறதும் போறதும் அவையின்ரை விருப்பம்."

"இரவும் நிக்கலாமோ?"

"சாட்சி கூடினால் நல்லதுதானே."

"படுக்கலாமோ?"

"கட்டிலிலை படுக்கேலாது. கட்டில் தங்கிறவைக்கு." அவர் சுற்றுநிருபத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "நிலத்தைப் பற்றி இதிலை ஒண்டும் சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பத்துப் பிள்ளைகளும் ரீச்சரும் ஆளுக்கொரு பாயோடு விடுதி வாசலில் நின்றார்கள். பொன்னம்பலம் அவர்களை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி ஒரு சின்ன உரை நிகழ்த்தினார்.

"பிள்ளையள், நீங்கள் இஞ்சை தங்க வரேல்லை. தங்காமல் இருக்க வந்திருக்கிறியள். அந்த வித்தியாசத்தை மனதிலை வைச்சு நடக்கவேணும். தங்கிறதை எல்லாரும் செய்வினம். தங்காமல் இருக்கிறதுக்குக் கட்டுப்பாடு வேணும். இந்தக் கட்டிலுகள் நாட்டின்ரை இளைஞருக்காகப் போட்டது. ஆகையாலை ஒருதரும் தொடக்கூடாது."

குளியலறையைப் பாவிக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் அரை மணித்தியாலம் சுற்றுநிருபத்தோடு இருந்துவிட்டு, பாவிக்கலாம், ஆனால் தங்குபவர்களைப் போலப் பாவிக்கக்கூடாது என்றார். இரவுச் சாப்பாட்டைக் கனிசியஸின் மனைவி அருமைநாயகி ஒரு பெரிய சட்டியில் கொண்டுவந்தார். இடியப்பமும் சொதியும் சம்பலும். "வெள்ளிக்கிழமையெல்லோ, மீன் மச்சம் ஒண்டும் போடேல்லை" என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் தன் கையாலே பரிமாறினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிறகு பதினொரு வெறுங்கட்டில்களுக்குப் பக்கத்தில் பதினொரு பாய் விரித்துப் படுத்தார்கள். கடற்காற்றுக்கு எல்லோருக்கும் நித்திரை நன்றாக வந்தது.

காலையில் ஆறு மணிக்குப் பிள்ளைகள் வெளிக்கிட்டார்கள். மைதானம் பத்து நிமிட நடை. ஒன்பது மணி வரை ரீச்சர் இங்கேதான் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லா அறிவுரையும் சொல்லியாயிற்று. ஆனாலும் ஜெயனி படியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

ரீச்சர் கதிரையில் இருந்து கட்டில்களைப் பார்த்தார். கட்டில்கள் பேசாமல் இருந்தன. ஏழு மணிக்கு மைதானத்திலிருந்து விசில் கேட்டது. ஏழரைக்குக் கனிசியஸ் சைக்கிளில் போய் விசாரித்துக்கொண்டு வந்து, கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, முதல்தரமாக மேல்மாடிக்கு ஏறினார்.

"முதல் செற் இருபத்தஞ்சுக்குப் பதினொண்டு."

"எங்களுக்கோ?"

"பதினொண்டு எங்களுக்கு. அந்தத் தலைவிப் பிள்ளை ஒருதரோடையும் கதைக்கிறாவில்லை. உங்கடை வெறுங் கதிரையைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா."

ரீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆறாயிரத்து அறுநூறைப் பத்தால் பிரித்தால் அறுநூற்று அறுபது. பத்துத் தாய்மாருக்கும் அறுநூற்று அறுபது ரூபாவைத் தவணையில் திருப்பிக் கொடுக்கலாம். ஜெயனிக்கு ஒரு வருசத்தை எந்தத் தவணையில் கொடுப்பது?

"கனிசியஸ் அண்ணை, உங்கடை சைக்கிளைத் தாறியளோ?"

"எடுங்கோ ரீச்சர். பிறேக் கொஞ்சம் குறைவு."

"பறவாயில்லை. நிக்கிற யோசினை இல்லை."

ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கப் பொன்னம்பலம் வந்தபோது மண்டபத்தில் ஆள் இல்லை. கனிசியஸ் மட்டும் வாசற்படியில் நின்று, ரீச்சர் மைதானத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். பொன்னம்பலத்துக்கு வேர்த்தது. ஒன்பது மணிக்கு விண்ணப்பதாரி இல்லையென்றால் இரத்துச் செல்லாது. இரத்துச் செல்லாவிட்டால் அவர்கள் தங்கியவர்கள். ஆட்கள் தங்கிய விடுதி என்று எழுதவேண்டி வரும். தங்கினால் முறைப்பாடும் வரலாம். இரண்டு வருசமாகக் கட்டிக் காத்த பெயர். "கட்டிலைப் பாத்துக்கொள்" என்று கனிசியஸிடம் சொல்லிவிட்டு, கடதாசிக் கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மைதானத்தில் இவர்களுடைய இரண்டாவது ஆட்டம் நடந்தது. முதலாவது ஆட்டத்தை, ரீச்சர் வந்து கதிரையில் இருந்த பிறகு இரண்டு செற் எடுத்து வென்றிருந்தார்கள். இப்போது கடைசி செற், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. ரைம் அவுட் எடுத்துப் பிள்ளைகளை வளைத்து வைத்து ரீச்சர் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த வளையத்துக்குள் ஒரு கோவை நுழைந்தது.

"ரீச்சர், ஒன்பதுக்கு இன்னும் ஆறு நிமிசம் இருக்கு. இதிலை ஒரு கையெழுத்து."

"நான் அங்கை நிக்கேல்லையே சேர். நிண்டன் எண்டு எப்பிடி வைக்கிறது?"

"மனதாலை நிண்டனீங்கள்தானே. அதைப் பெரிசாப் பாக்காதேங்கோ. விதி எண்டால் கொஞ்சம் வளைஞ்சுதான் குடுக்கவேணும்." இதைச் சொன்னபோது அவருக்கே தன் குரல் புதிதாக இருந்திருக்கவேண்டும், சுற்றிவரப் பார்த்தார்.

ரீச்சர் ஆறுதலாகக் கேட்டார். "சேர், நீங்கள் இஞ்சை நிக்கிறியள். இப்ப கட்டிலை ஆர் பாக்கினம்?"

"கனிசியஸ்."

"அவர் அந்தா நிக்கிறார்."

கோட்டுக்கு அப்பால், சனத்தோடு சனமாக நின்று, கனிசியஸ் கொடிகாமத்துப் பிள்ளைகளுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்த முழங்காலோடு குறுக்கு ஒழுங்கையால் நடந்தே வந்திருந்தார்.

பொன்னம்பலத்தின் முகத்தில் இரத்தம் வற்றியது. இருபத்திநாலு கட்டில்கள், பட்டப்பகலில், ஒரு காவலும் இல்லாமல். எவரும் வந்து படுக்கலாம். கையெழுத்தை மறந்து, கோவையை விழுத்தி, எடுத்து, மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார். நடுவர் விசில் அடித்தார். ஜெயனி பந்தைக் கையில் எடுத்தாள். இந்தத் தரம் அவள் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆட்டத்தையும் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாம் இடத்துக்கும் மாகாணப் போட்டிக்கு இடம் உண்டு. பஸ்ஸில் கைதடி வரும்வரை ஒருவரும் வாயை மூடவில்லை.

முற்பணத்தைப் பற்றிச் சபையின் தீர்மானம் ஆறு கிழமையில் வந்தது. ஒன்பது மணிக்கு விண்ணப்பதாரி சமூகமளிக்காததால் இரத்தை ஏற்கமுடியாது. கட்டில்கள் பாவிக்கப்படாததால் தங்கியதாகவும் ஏற்கமுடியாது. எனவே இவர்களுக்காகப் புதிய வகுப்பொன்று உருவாக்கப்பட்டு, பணம் அதில் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. ரீச்சர் அந்தக் கடிதத்தைக் கணித அறையில் ஒட்டி வைத்தார். ஒன்றுமே உள்ளடங்காத கணமான வெற்றுத் தொடையைப் படிப்பிக்கும்போது உதவியது. தாய்மார் ஒருவரும் காசைத் திருப்பி வாங்கவில்லை.

கதை மட்டும் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கோப்பாயிலிருந்து ஒரு நாடகக் குழு பதிந்து, மிகுதிப் பணத்தைக் கட்டாமல் விட்டு, பாயோடு வந்து, ஒன்பது மணிவரை ஒழுங்காக நின்று கையெழுத்து வைத்து, முற்பணத்தையும் வாங்கிக்கொண்டு போனது. அடுத்த கிழமை ஒரு உதைபந்தாட்ட அணி. அதற்கடுத்த கிழமை மன்னாரிலிருந்து ஒரு தேவாலயப் பங்கின் பாடகர் குழு. சனி, ஞாயிறுகளில் மண்டபத்து நிலத்தில் கால் வைக்க இடமில்லை. கட்டில்கள் அப்படியே இருந்தன. பொன்னம்பலம் கவலைப்படவில்லை. மாகாணத்திலேயே அதிகம் பேர் வந்துபோகும் விடுதி என்று இன்னொரு பாராட்டுக் கடிதம் வந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர் ஒரு புதுச் சுற்றுநிருபமும் எழுதி எடுப்பித்தார்.

மாகாணப் போட்டியும் யாழ்ப்பாணத்தில்தான் என்று முடிவானதும், வவுனியாவிலிருந்து ஒரு ரீச்சர் உதயகலாவுக்குப் போன் எடுத்தார்.

"அங்கை பிள்ளையளோடை தங்க நல்ல இடம் ஏதும் இருக்கோ ரீச்சர்?"

"ஓம், இருக்கு. கடற்கரைப் பக்கம், நல்ல காத்து, துப்புரவான இடம்" என்றார் உதயகலா. "ஆனால் இப்ப சரியான சனம். இரத்துச் செய்யிறதுக்கும் இருபத்தொரு நாளுக்கு முதல் பதியவேணும். கெதியா வெளிக்கிடுங்கோ."